சம்மர் கேம்ப் பாட்டிலில் மதியம் வரை குளிர்ந்த நீர்

பிள்ளையின் தண்ணீர் பாட்டிலில் கால் பங்கு மட்டும் நீர் ஊற்றி, வாய்ப்பக்கம் சற்றே உயர்ந்திருக்கும்படி சாய்த்து, இரவு ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் கேம்ப்புக்குக் கிளம்பும்போது மீதியைச் சாதாரண நீரால் நிரப்பினால் போதும்.

ஒரு கிராம் பனிக்கட்டி உருக ஏறக்குறைய 80 கலோரி வெப்பம் தேவை; ஒரு கிராம் நீர் ஒரு டிகிரி சூடேற 1 கலோரியே போதும். அதனால்தான் ஃப்ரிட்ஜ் தண்ணீர் சீக்கிரம் வெதுவெதுப்பாகிவிட, பனிக்கட்டி போட்டது தாக்குப்பிடிக்கிறது. முழு பாட்டிலையும் உறைய வைத்தால் தாகம் எடுக்கும் நேரத்தில் குடிக்க நீரே இருக்காது. சாய்த்து வைப்பதால் பனி ஒரு பக்கமாகப் படிந்து வாயை அடைக்காது. விளையாட்டு மும்முரத்தில் வெதுவெதுப்பான நீரைப் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள், சில்லென்று இருந்தால் கேட்காமலே குடிப்பார்கள்.

கண்ணாடி பாட்டிலுக்கு இது வேண்டாம், விரிசல் விடும். சூடு ஆறாமல் காக்கும் ஸ்டீல் ஃபிளாஸ்க்கையும் ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. அதில் காலையில் ஐஸ் கட்டிகளைப் போட்டுக்கொள்ளலாம். அப்புறம், நீச்சல் வகுப்பு மாதிரி ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும் பிள்ளைக்கு இத்தனை மெனக்கெட வேண்டியதில்லை.