திணிவு மாறாது, நிறை மாறும்: அளந்து பார்க்கும் முறை

திருகோணமலைச் சந்தையில் வாங்கிய 1 கிலோ சீனியை விற்றராசில் (சுருள்வில் தராசில்) தொங்கவிடுங்கள்; ஏறத்தாழ 9.8 நியூற்றன் காட்டும். அதுதான் நிறை, அதாவது பூமி அதை இழுக்கும் விசை. நிலவில் 1.6, செவ்வாயில் 3.7. திணிவோ, அதாவது அதிலுள்ள பொருளின் அளவு, எங்கும் 1 கிலோதான். (கிலோவில் கோடிட்ட விற்றராசு நிலவில் சுமார் 165 கிராம் என்று பொய் சொல்லும், தட்டுத்தராசு சொல்லாது, இரு தட்டும் ஒரேயளவு இலேசாகும்.)

பூமியைச் சுற்றும் விண்கலத்தில் எல்லாம் மிதப்பதால் இரண்டு தராசுமே உதவாது. அங்கே திணிவை அதிர்வால் அளக்கலாம்: திணிவு கூடினால் ஆட்டம் மெதுவாகும். வீட்டிலும் செய்யலாம். இரும்பறுக்கும் வாள் அலகை மேசை விளிம்பில் இறுக்கி, பக்கவாட்டில் ஆடும்படி வையுங்கள். நுனியில் 50 கிராம் களிமண் ஒட்டி 20 அலைவுக்கு நேரம் எடுங்கள். பிறகு 100 கிராம். நேரம் இரட்டிக்காது, ஏறக்குறைய 1.4 மடங்காகும். சற்றுக் குறைந்தால் அலகின் சொந்தத் திணிவு காரணம். ஒவ்வொரு தடவையும் மாறினால் பிடி தளர்ந்திருக்கிறது.