மிரர்லெஸ் கேமராவில் பழைய லென்ஸ்: ஹீலியோஸ் 44-2ஐ வாங்கி, மாட்டி, படமெடுக்க

மிரர்லெஸ் கேமரா ஒன்று கையில் இருந்தால், ஐம்பது வருடத்துக்கு முன்பு ஃபிலிம் கேமராவுக்காகச் செய்த லென்ஸ்களில் பெரும்பாலானவற்றை அதில் மாட்டிவிடலாம். கணக்கு எளிது. மவுண்டுக்கும் (லென்ஸ் மாட்டும் வளையம்) சென்சாருக்கும் உள்ள இடைவெளி சோனி இ மவுண்டில் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20. பழைய எஸ்எல்ஆர் ஃபிலிம் கேமராக்களுக்குள் பிம்பம் காட்டும் கண்ணாடி மேலும் கீழும் போய்வர இடம் வேண்டும் என்பதால், பெரும்பாலும் 42 முதல் 46.5 மி.மீ. வரை விட்டிருந்தார்கள். அந்த வித்தியாசத்தை நிரப்ப ஓர் உலோகக் குழாய் போதும், அதுதான் அடாப்டர். எம்42 திருகு லென்ஸுக்கு 45.46 மி.மீ. தேவை. எனவே சோனியில் மாட்ட 27.46 மி.மீ. நீளக் குழாய். உள்ளே கண்ணாடி வில்லை எதுவும் தேவையில்லை.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு வழி குறுகல். கேனான் இஎஃப்பின் இடைவெளி 44 மி.மீ. என்பதால் எம்42, நிக்கான் எஃப், ஒலிம்பஸ் ஓஎம் லென்ஸ்கள் அதில் சேரும். நிக்கான் எஃப்பின் இடைவெளி 46.5 மி.மீ. அதில் எம்42 லென்ஸை மாட்டினால் பக்கத்தில் உள்ளது மட்டும்தான் ஃபோகஸ் ஆகும், தூரத்து மரம் ஆகாது. இதைச் சரிசெய்ய வில்லை வைத்த அடாப்டர் விற்கிறார்கள். தெளிவைக் கெடுக்கும், வாங்க வேண்டாம். நிக்கான்காரர்கள் நிக்கானின் பழைய லென்ஸ்களையே தேடுவது நல்லது. அங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1977இல் ஏஐ முறை (லென்ஸின் அப்பர்ச்சர் அமைப்பைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் நிக்கான் ஏற்பாடு) வருவதற்கு முந்தைய, மாற்றம் செய்யப்படாத லென்ஸை டி7000 போன்ற கேமராவில் வலுக்கட்டாயமாகத் திருகினால் மவுண்ட் ஓரத்தில் இருக்கும் சின்ன நெம்புகோல் உடைந்துபோகும்.

எதை வாங்குவது

முதல் பழைய லென்ஸ் 50 மி.மீ. பக்கம் இருக்கட்டும். அந்தக் காலத்தில் கேமராவோடு சேர்த்தே கொடுத்தது இதைத்தான், அதனால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. வடிவமைப்பும் அப்போதே நன்றாக முதிர்ந்துவிட்டது. பழைய அகலக்கோண லென்ஸ்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது. மூலைகள் கலங்கும், விலையும் குறைவில்லை. அகலக்கோணம் வேண்டுமானால் புதிதாகவே வாங்கிவிடுங்கள்.

ஹீலியோஸ் 44-2 சோவியத் லென்ஸ், ஜெனித் கேமராக்களோடு வந்தது. 58 மி.மீ., எஃப்/2, எட்டு இதழ் அப்பர்ச்சர் (வெளிச்சம் புகும் துளை), 49 மி.மீ. ஃபில்டர் திருகு. ஜெர்மனியின் கார்ல் சைஸ் யேனாவின் பயோட்டார் லென்ஸை ஒட்டிச் செய்தது. பின்னணி சுழல்வதுபோல் தெரியும் படங்களுக்காக இதைத் தேடுகிறார்கள். அந்தச் சுழல் பிடிக்காதவர்களுக்கு பென்டாக்ஸின் சூப்பர் டக்குமார் 55 மி.மீ. எஃப்/1.8 இன்னும் நேர்த்தியான லென்ஸ். டக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4இன் ஏழு வில்லை வகையில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, அது காலப்போக்கில் டீ நிறத்துக்கு மஞ்சளாகும். புற ஊதா எல்இடி விளக்கின் கீழே சில நாள் வைத்தால் பெரிதும் தெளிந்துவிடும். சாதாரணமாகப் பயன்படுத்துவதில் பயமில்லை, அந்தக் கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ மட்டும் கூடாது.

டார்ச் இல்லாமல் வாங்காதீர்கள்

அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, ஒரு பக்கத்திலிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளை விட்ட இழைகள் தெரிந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுக்கப் பாலாடை படிந்ததுபோல் இருந்தால் உள்ளே எண்ணெய் ஆவி படிந்திருக்கிறது, துடைத்தால் பெரும்பாலும் போகும். ஓரத்தில் வானவில் நிறத் திட்டு தெரிந்தால் ஒட்டிய வில்லைகள் பிரியத் தொடங்கிவிட்டன, அதை விட்டுவிடுங்கள். தூசி எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும், படத்தில் தெரியாது. முன்வில்லையில் ஓரிரு கீறல் பரவாயில்லை. பின்வில்லைக் கீறல் அப்படியல்ல, சென்சாருக்கு நெருக்கம் என்பதால் வெளிச்சப் புள்ளிகளுக்குள் அது தெரியும்.

இணையத்தில் வாங்கும்போது, விற்பவரிடம் டார்ச் அடித்து எடுத்த படம் கேளுங்கள். “லேசான ஃபங்கஸ்தான்” என்று எழுதியிருந்தால் தாண்டிப் போங்கள். பூஞ்சை கக்கும் அமிலம் மேற்பூச்சை அரித்துவிட்டால், பூஞ்சையைத் துடைத்தாலும் தடம் போகாது.

அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்குகிறதா என்றும் பாருங்கள். ஹீலியோஸ் 44-2இல் இதழ்களைக் கையால்தான் திருப்புகிறோம், கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் வேலை நடக்கும். பின்னால் ஊசி வைத்த 44எம் போன்ற தானியங்கி வகையில் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும், இழுத்து இழுத்து மூடினால் சர்வீஸ் செலவு காத்திருக்கிறது. ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை திருப்பிப் பாருங்கள். இறுக்கம் என்றால் பழைய கிரீஸ் காய்ந்திருக்கிறது, மாற்றிவிடலாம். ஆட்டம் கண்டால் தேய்மானம்.

மாட்டுவது

அடாப்டரை முதலில் லென்ஸில் திருகி, பிறகு இரண்டையும் சேர்த்துக் கேமராவில் மாட்டுங்கள். திருகு நின்ற பிறகு பலம் கொடுக்காதீர்கள். ஃபோகஸ் எண்கள் மேலே வராமல் பக்கவாட்டில் நின்றால் அடாப்டரின் விளிம்பைப் பாருங்கள், பலவற்றில் மூன்று குட்டித் திருகுகள் இருக்கும். தளர்த்தி, உள்வளையத்தைச் சுழற்றி, நேராக்கி இறுக்கலாம். ஊசி வைத்த லென்ஸ் என்றால் அந்த ஊசியை அமுக்கும் உள்விளிம்புள்ள அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். விளிம்பு இல்லையென்றால் சில லென்ஸ்களில் எந்த எண்ணுக்குத் திருப்பினாலும் அப்பர்ச்சர் திறந்தே கிடக்கும்.

மலிவு அடாப்டர்களைச் சற்றுக் குட்டையாகவே செய்கிறார்கள், தூரத்து ஃபோகஸ் தவறிவிடக் கூடாது என்பதற்காக. அதனால் வளையத்தை முடிவிலிக் குறிவரை திருப்பினால் நிலா கலங்கும். குறியை நம்பாமல் திரையைப் பார்த்து நிறுத்துங்கள். அடாப்டரின் உட்பக்கம் பளபளத்தால் படம் வெளிறும், அங்கே மங்கல் கறுப்பு பெயின்ட் ஒரு கோட் அடித்தால் சரியாகும்.

கேமராவுக்கு லென்ஸ் மாட்டியிருப்பதே தெரியாது. எனவே மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கும் அமைப்பை ஆன் செய்யுங்கள். “கேமரா ரிப்பேர்” என்று வரும் புலம்பலில் பாதி இந்த ஒரு வரியில் தீரும். சென்சாரில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் குவிய நீளத்தை 58 என்று கொடுங்கள். தவறான எண் இருந்தால், தடுப்பே படத்தை அசைத்துவிடும். ஃபோகஸ் பெரிதாக்கும் வசதியைக் கட்டைவிரல் எட்டும் பட்டனில் வையுங்கள். அப்பர்ச்சர் முன்னுரிமை, ஆட்டோ ஐஎஸ்ஓ, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/125.

எடுப்பது

ஹீலியோஸ் 44-2இன் முன்பக்கம் இரண்டு வளையங்கள் இருக்கும். எண்கள் பொறித்ததில் உங்களுக்கு வேண்டிய அப்பர்ச்சரை வையுங்கள், எஃப்/4 என்று வைத்துக்கொள்வோம். மற்றது, முழுத் திறப்புக்கும் நீங்கள் வைத்த எண்ணுக்கும் நடுவே தடங்கலின்றிப் போய்வரும். முழுக்கத் திறந்து ஃபோகஸ் செய்யுங்கள், பார்வையை எடுக்காமல் அதே வளையத்தை முட்டும்வரை மூடி, கிளிக் செய்யுங்கள். எண் வளையத்தை எஃப்/16இல் வைத்துவிட்டால் கிளிக் சத்தமே இல்லாத அப்பர்ச்சர் கிடைக்கும், வீடியோக்காரர்களுக்கு இது வரம்.

ஃபுல் ஃபிரேமில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்), எஃப்/2இல், 2 மீட்டர் தூரத்து முகத்துக்குத் தெளிவின் ஆழம் சுமார் 14 செ.மீ. 1 மீட்டருக்கு வந்தால் மூன்றரை செ.மீ.தான். கண் தெளிந்தால் காது கலங்கும். இந்த ஆழத்தில் விளிம்புக்கு நிறம் காட்டும் பீக்கிங் துணைக்கு வராது, கண்ணிமைவரை பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோகஸ் பிடித்த பிறகு முன்னும் பின்னும் ஆடாமல் நிற்பதுதான் கஷ்டம். இரண்டு மூன்று படம் தொடர்ச்சியாக எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

சுழல் வேண்டுமென்றால் நான்கும் சேர வேண்டும்: எஃப்/2, ஆள் இரண்டு மீட்டருக்குள், அவருக்குப் பின்னால் ஐந்தாறு மீட்டர் தள்ளி இலை இடுக்கில் வெளிச்சம் சிந்தும் மரம், முகம் படத்தின் நடுவில். ஓரத்து வெளிச்சப் புள்ளிகளை லென்ஸின் குழல் வெட்டிப் பூனைக்கண் வடிவமாக்குவதால் வருவது இது. வெற்றுச் சுவர் முன்னால் நிறுத்தினால் எதுவும் வராது, எஃப்/4க்கு மூடினாலும் பெரும்பாலும் மறையும். ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் ஓரங்களை வெட்டிவிடுவதால் சுழலும் குறையும், ஆனால் 87 மி.மீ.க்கு இணையான நல்ல போர்ட்ரெய்ட் லென்ஸ் கிடைக்கும்.

எதிர்வெயிலில் படம் வெளுத்துப்போகும், ஒற்றை மேற்பூச்சின் குணம் அது. 49 மி.மீ. ரப்பர் ஹுட் ஒன்று மாட்டுங்கள்.

வைப்பதும் திறப்பதும்

சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களின் ஈரத்தில் பூஞ்சை வர ஒரு மழைக்காலம் போதும். லென்ஸோடு வந்த பழைய தோல் உறையைத் தூக்கிப் போடுங்கள், பூஞ்சை பெரும்பாலும் குடியிருப்பது அதில்தான். காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல், ஒரு சிறிய ஈரமானி போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் 120 டிகிரி ஓவனில் நீலம் திரும்பும்வரை சூடாக்கலாம்.

பிரித்துச் சுத்தம் செய்யப் போகிறவர்களுக்கு: டபிள்யூடி-40 பக்கமே போகாதீர்கள், அது இதழ்களுக்கு வழிந்துவிடும். காய்ந்த கிரீஸைக் கரைக்க லைட்டர் திரவம் போதும். ஃபோகஸ் திருகுமரையைக் கழற்றும்போது, அது பிரியும் அந்த நொடியில் இரண்டு பாகத்திலும் ஒரே கோட்டில் மார்க்கர் குறி வைத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மரையில் பல தொடக்கங்கள் உண்டு, எல்லாவற்றிலும் உள்ளே போகும், ஆனால் தூரத்து ஃபோகஸ் சரியாக அமைவது ஒன்றில் மட்டுமே.