வாழ்க்கைத்தர வினாத்தாள் லயத்து வாசலுக்குப் போகும்போது: மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளியின் வாழ்க்கைத்தரத்தை அளக்கும் ஆங்கில வினாத்தாளை, இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கொண்டுபோகும் முன், இருவர் தனித்தனியாகத் தமிழாக்கி, ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத ஒருவர் ஆங்கிலத்துக்குத் திருப்புவது வழக்கமான முறை. திருப்பியது மூலத்தோடு ஒத்துப்போனதும் வேலை முடிந்ததென்று நினைப்பதுதான் பெரிய தவறு. திருப்புபவர் படித்தவர், ‘சோர்வு’ என்று கண்டால் உடல் களைப்பு என்றே எழுதுவார். மலையகத்தின் தலவாக்கலைப் பக்கம் கொழுந்தெடுக்கும் பெண் அதையே மனசு சரியில்லாததாக எடுத்துக்கொள்ளலாம். புற்றுநோயாளருக்கான கியூ.எல்.கியூ-சி30 தாளில் ஓய்வு தேவைப்படுவது, பலவீனம், களைப்பு மூன்றும் தனித்தனிக் கேள்விகள், மனச்சோர்வு வேறு. எல்லாவற்றிலும் ‘சோர்வு’ புகுந்தால் மதிப்பெண்ணே கலங்கிவிடும். ‘இளைப்பு’ம் அப்படித்தான்: ஒருவருக்கு மூச்சிரைப்பு, இன்னொருவருக்கு உடம்பு மெலிவு. ‘மூச்சு வாங்குதா’ என்று கேட்டால் தீர்ந்தது.

‘எவ்வளவு’ என்பதைக் குறிக்கும் விடைப்படிகளில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். அதே தாளின் நான்கு படிகளில் மூன்றாவதை ‘ஓரளவு’ என்று போட்டால் அது ‘கொஞ்சம்’ பக்கத்திலேயே போய் நிற்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. நான்கு சொல்லையும் நான்கு அட்டையில் எழுதி, கலைத்துக் கொடுத்து, குறைவிலிருந்து கூடுதலுக்கு அடுக்கச் சொல்லுங்கள். ஆளுக்கொரு வரிசை வந்தால் சொல்லை மாற்றத்தான் வேண்டும். எழுத்து வாசிக்காதவருக்குச் சொல்லிக் காட்டி, இரண்டிரண்டாக ‘எது கூட?’ என்று கேட்கலாம்.

பொது உடல்நலத்தை அளக்கும் எஸ்.எஃப்-36 தாள் மாடிப்படி ஏறுவதைக் கேட்கிறது: பல மாடி ஒரு கேள்வி, ஒரு மாடி இன்னொன்று. லயத்தில் மாடி ஏது? அதற்காக ‘மலை ஏறுவது’ என்று மாற்றினால், சுலபமாக இருக்க வேண்டிய கேள்வி கடினமாகிவிடும். கூடையோடு ஏற்றம் ஏறுகிறவருக்கு ஒரு மாடி ஒன்றுமேயில்லை. லயத்திலிருந்து ரோட்டுக்குப் போகும் படிக்கட்டு போல, ஏறக்குறைய அதே உயரமுள்ளதைத் தேடுங்கள். கடினத்தின் வரிசை குலையக் கூடாது. ஒரு சொல்லை மாற்றவும் வினாத்தாளின் உரிமையாளரிடம் அனுமதி வேண்டும். அதை வேலை தொடங்கும் முன்பே வாங்குங்கள்.

காலமும் ஏமாற்றும். ‘போன வாரம்’ என்றால் பலருக்கு அது முடிந்துபோன ஞாயிறுக்கு முந்திய வாரம். ‘இன்றிலிருந்து பின்னோக்கி ஏழு நாள்’ என்று எழுதி, கேட்பவர் கிழமையையும் சொல்ல வேண்டும்.

‘வேலை செய்ய முடிகிறதா?’ என்ற கேள்விக்கு ‘வேலைக்குப் போறேன்’ என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்தக் கூடாது. கொழுந்தின் நிறை குறைந்து அரைப்பேரோடு (அரைநாள் சம்பளத்தோடு) திரும்புகிறவரும் வேலைக்குப் போகிறவர்தான்.

சுகாதாரப் பொருளாதாரத்துக்கும் சிகிச்சை விளைவு ஆய்வுக்குமான சர்வதேச அமைப்பான இஸ்போர் 2005-இல் வெளியிட்ட நெறிமுறை, நோயாளிகள் 5 முதல் 8 பேரிடம் வாசகத்தைச் சோதிக்கச் சொல்கிறது. அங்கே ‘புரியுதா?’ என்று கேட்பது வீண். மரியாதைக்காகவே ‘புரியுது’ என்பார்கள். ‘இதை உங்க பக்கத்து வீட்டு அக்காவுக்கு எப்படிச் சொல்வீங்க?’ என்று கேளுங்கள். தோட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தவர் பக்கத்தில் நின்றால், வேலைக்கு ஆகாதவர் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில் ‘சுகந்தான்’ என்றே எல்லாப் பதிலும் வரும். ஒரே காம்பராவில் (அறையில்) மாமியார் இருக்கையில் தாம்பத்தியக் கேள்வி கேட்பதும் இதே கதிதான்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சரிபார்த்த தமிழ்ப் பிரதி இருந்தால் அதிலிருந்தே தொடங்குங்கள், ஆனால் மேலே சொன்ன சோதனையை விட்டுவிடாதீர்கள். திருத்திய ஒவ்வொரு பிரதியின் கீழும் எண்ணும் திகதியும் இடுங்கள். பழைய தாள் கட்டு ஒன்று கிளினிக் அலுமாரியில் கிடந்தால் அதையும் யாராவது எடுத்து நிரப்பிவிடுவார்கள்.