குடல் பாக்டீரியாவுக்கும் மூளை ரத்தக்குழாய்க்கும் என்ன சம்பந்தம்? கேவர்னோமாவை ஸ்டெப் ஸ்டெப்பா புரிஞ்சுக்கலாம்

போன வருஷம் எங்க சித்தி பொண்ணுக்கு திடீர்னு வலிப்பு வந்து எம்ஆர்ஐ எடுத்தாங்க, ரிப்போர்ட்ல "கேவர்னஸ் மால்ஃபார்மேஷன்"னு ஒரே ஒரு வரி, அதைப் பார்த்துட்டு வீடே இடிஞ்சு போய் உக்காந்துடுச்சு, யாருக்கும் அது என்னன்னே தெரியல. அதுக்கப்புறம் நான் தேடித் தேடிப் படிச்சதை, ஒண்ணுமே தெரியாம இதுல வந்து மாட்டிக்கிட்டவங்களுக்காக வரிசையா எழுதுறேன்.

ஸ்டெப் 1: ரிப்போர்ட்டை கையில எடுங்க

கேவர்னஸ் மால்ஃபார்மேஷன், கேவர்னோமா, கேவர்னஸ் ஆஞ்சியோமா, சிசிஎம் எல்லாம் ஒண்ணுதான். கேன்சர் இல்ல, முதல்ல மூச்சு விடுங்க. மூளையில இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்ங்க சுவர்ல பலம் இல்லாம உப்பி மல்பெரி பழம் மாதிரி கொத்தா நிக்கும், சமயத்துல ரத்தம் கசியும். சுமாரா 200 பேர்ல ஒருத்தருக்கு இருக்கு, பாதிப் பேருக்கு மேல அது இருக்கிறதே தெரியாது. எண்ணிக்கை ஒண்ணா, நிறையவான்னு பாருங்க. நிறைய இருந்தா கிரிட்1, சிசிஎம்2, பிடிசிடி10 இந்த மூணு ஜீன்ல ஒண்ணுல பழுது இருக்கலாம், ஜீன் டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

ஸ்டெப் 2: எலி கதையை தெரிஞ்சுக்கங்க

ஒரே குடும்பம், ஒரே ஜீன் பழுது, ஆனா அண்ணனுக்கு ஒண்ணுமில்ல, தம்பிக்கு மூளை பூரா இந்தக் கேவர்னோமா கட்டி. ஏன்? இதுக்கு ஒரு விடை எதிர்பாராம கிடைச்சுது. அமெரிக்காவுல பென்சில்வேனியா யுனிவர்சிட்டியில மார்க் கான்ங்கிற ஆராய்ச்சியாளரோட டீம் இந்த மூணுல ஒரு ஜீனை எடுத்துட்ட எலிகளை வளர்த்துக்கிட்டு இருந்தாங்க, வேற கட்டடத்துக்கு எலிகளை மாத்தினதும் பெரும்பாலானதுக்கு மூளையில கட்டி வர்றதே நின்னு போச்சு. வந்த சில எலிகளுக்கு மட்டும் வயித்துக்குள்ள பாக்டீரியா தொற்று இருந்துச்சு! அந்த நூலைப் பிடிச்சுத்தான் 2017ல நேச்சர்ங்கிற அறிவியல் பத்திரிகையில பேப்பரே வந்துச்சு. கிருமியே இல்லாத சூழல்ல வளர்த்த எலிகளுக்கு கட்டி ரொம்பக் கம்மி.

ஸ்டெப் 3: வழியை மனசுல வரைஞ்சுக்கங்க

கிராம் நெகட்டிவ்னு ஒரு வகை பாக்டீரியா, அதோட மேல்தோல்ல எல்பிஎஸ்னு ஒரு பொருள் இருக்கு. அது குடல்லேர்ந்து ரத்தத்துல கசிஞ்சா மூளை ரத்தக்குழாயோட உள்சுவர்ல இருக்கிற டிஎல்ஆர்4ங்கிற காலிங் பெல்லை அமுக்கும். ஜீன் நல்லா இருக்கிறவங்களுக்கு பெல் அடிச்சாலும் அந்த மூணு ஜீன் செய்யிற புரோட்டீன் பிரேக் போட்டுடும், ஜீன் பழுதானவங்களுக்கு பிரேக் கிடையாது, அதனால குழாய் செல்லுங்க தப்பா வளர ஆரம்பிக்குது.

2019ல அதே டீம் இன்னொண்ணு காட்டினாங்க, பிடிசிடி10 ஜீன் பழுதானா குடலைப் பூசியிருக்கிற சளிப்படலமும் கெட்டுப் போகுது, அதாவது ஒரே ஜீன் பழுது குடல்லயும் கசிய விடுது, மூளைக் குழாய்லயும் பிரேக்கை எடுத்துடுது. இந்த ஜீன்காரங்களுக்கு நோய் ஏன் இவ்வளவு மோசமா வருதுன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

ஸ்டெப் 4: கிச்சனுக்கு போங்க

பாலிசார்பேட் 80 கலந்த தீனி தின்ன எலிகளுக்கு கட்டி அதிகமாச்சு. பாக்கெட் உணவுல கலக்குற எமல்சிஃபையர் அது, நம்ம ஊர் லேபிள்ல 433னு நம்பர் போட்டிருக்கும். தங்கச்சி வீட்டு ஃப்ரிட்ஜ்ல இருந்த ஐஸ்கிரீம் டப்பாவைத் திருப்பி, போன் கேமராவுல ஜூம் பண்ணித்தான் அந்தப் பொடி எழுத்தையே படிக்க முடிஞ்சுது, 471க்கு பக்கத்துலயே 433. மனுஷங்கள்ல இது இன்னும் நிரூபணம் ஆகல, ஆனா விட்டா நஷ்டம் ஒண்ணும் இல்லாத பொருள், நாங்க விட்டுட்டோம்.

ஸ்டெப் 5: இதை மட்டும் செய்யாதீங்க

எலிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தப்போ கட்டி குறைஞ்சது உண்மை. அதுக்காக மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கிப் போட்டுடாதீங்க ப்ளீஸ், நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து செத்துடும். "கேவர்னோமாவை கரைக்கும்"னு புரோபயாடிக் வித்தா வாங்காதீங்க, அப்படி ஒரு மருந்து கிடையாது. வலிப்பு மாத்திரையை ஒரு வேளை கூட விடாதீங்க.

ஸ்டெப் 6: ஒரு கவர் ரெடியா வைங்க

புதுசா கடுமையான தலைவலி, ஒரு பக்கம் மரத்துப்போறது, பேச்சு குழறுறது, வலிப்பு, எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. போகும்போது பழைய எம்ஆர்ஐ ஃபிலிம், அதோட சிடி டிஸ்க், மாத்திரை சீட்டு எல்லாம் அந்தக் கவரோட எடுத்துட்டுப் போங்க, பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா புதுசா ரத்தம் கசிஞ்சிருக்கான்னு டாக்டர் சீக்கிரம் கண்டுபிடிச்சுடுவாங்க.