பொது நிலத்துல செல்போன் டவர் வருதா? கவுன்சில் மீட்டிங்ல தவிர்க்க வேண்டிய தப்புகள்

பார்க் ஓரத்துலயோ தண்ணி டேங்க் பக்கத்துலயோ டவர் வைக்கப் போறாங்கன்னு நோட்டீஸ் வந்ததும் ஹால் நிரம்பிடும், வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல ரேடியேஷன் பத்தியே பேசுவாங்க, கவுன்சிலர்கள் தலையாட்டிக் கேட்டுக்குவாங்க, அப்புறம் பார்த்தா பர்மிட் கிடைச்சிருக்கும். கவுன்சிலுக்கு அதிகாரமே இல்லாத விஷயத்துல தொண்டையைக் கிழிச்சுட்டு, முழு அதிகாரம் இருக்கற விஷயத்தைக் கோட்டை விட்டுடறோம்.

ரேடியேஷன் அளவை நிறைய நாடுகள்ல தேசிய அரசுதான் நிர்ணயிக்குது, பல நாடுகள் ஐசிஎன்ஐஆர்பி (ரேடியேஷன் பாதுகாப்புக்கான சர்வதேச நிபுணர் குழு) சொன்ன அளவை எடுத்துக்கறாங்க, அதுபடி 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு பொதுமக்கள் இருக்கற இடத்துல சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியா 2012ல இதைப் பத்துல ஒரு பங்கா குறைச்சுது. அமெரிக்காவோட 1996 டெலிகாம் சட்டம், அளவுக்குள்ள இருக்கற டவரை ரேடியேஷன் காரணம் சொல்லி லோக்கல் கவுன்சில் மறுக்கக் கூடாதுன்னு நேராவே சொல்லுது. அந்த மாதிரி ஊர்ல மீட்டிங் பதிவு முழுக்க ரேடியேஷன் பேச்சாவே இருந்தா, மத்த காரணம் எல்லாம் சும்மா சாக்குன்னு கம்பெனி வக்கீல் கோர்ட்ல சொல்ல நாமளே வழி பண்ணிக் குடுத்த மாதிரி ஆகும். 2011ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு ரேடியோ அலைகளை 2பி பிரிவுல ('புற்றுநோய் உண்டாக்கலாம்'ங்கற பட்டியல்) போட்டதை பிரிண்ட் எடுத்துட்டு வருவாங்க, ஆனா அது முக்கியமா போனை காதுல வச்சுப் பேசறவங்களை வச்சு செஞ்ச ஆய்வுகள்லேர்ந்து வந்தது. பயம் இருந்தா வேற மாதிரி கேளுங்க: டவர் ஓட ஆரம்பிச்சப்புறம் அளந்து பார்க்கப் போறது யாரு, ரிப்போர்ட் எங்க கிடைக்கும், செலவு யாரோடது.

இப்ப விஷயத்துக்கு வருவோம். பொது நிலம்னா கவுன்சில் ரெண்டு வேஷம் கட்டுது, ஒண்ணு பர்மிட் குடுக்கற அதிகாரி, இன்னொண்ணு நிலத்துக்கு சொந்தக்காரர். அதிகாரியா இருக்கறப்ப சட்டம் சொன்ன காரணத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம், ஆனா சொந்தக்காரரா இருக்கறப்ப 'இந்த இடம் வாடகைக்கு இல்ல, அந்த மூலைய வேணா பாருங்க'ன்னு சொல்ற சுதந்திரம் ரொம்பவே அதிகம் (ரோட்டோரக் கம்பம் வேற கதை, அதுக்கு பல நாட்டுல தனி விதி இருக்கு). இதைப் பிரிச்சுப் பார்க்காததுதான் பெரிய தப்பு. சில இடத்துல மக்கள் கருத்துக் கேட்பு நடக்கறதுக்கு முன்னாடியே லீஸ்லயோ, 'சும்மா மண்ணு டெஸ்ட் பண்ணத்தான்'னு சொல்ற ஆப்ஷன் ஒப்பந்தத்துலயோ (பின்னாடி லீஸ் எடுத்துக்கற உரிமையை இப்பவே குடுக்கறது) கையெழுத்து ஆகியிருக்கும், அதுக்கப்புறம் நடக்கற மீட்டிங் எல்லாம் வெறும் சடங்கு. அதனால முதல்ல கேட்க வேண்டியது, இதுவரைக்கும் என்னென்ன கையெழுத்து ஆயிருக்குன்னுதான். நிலப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்க, பார்க்குக்குன்னு ஒதுக்கின இடத்தை நினைச்சபடி மாத்த முடியாத ஊர் உண்டு, நியூயார்க்ல பார்க் நிலத்தை வேற வேலைக்கு விடணும்னா மாகாண சட்டசபையே ஒப்புக்கணும்.

லீஸை யாரும் படிக்கறதில்ல, வாடகை எவ்ளோன்னு மட்டும் பார்ப்பாங்க. 5 வருஷம்னு போட்டிருக்கும், கீழ தானா புதுப்பிச்சுக்கற மாதிரி நாலஞ்சு தடவை எழுதியிருக்கும், கூட்டிப் பார்த்தா 25, 30 வருஷம். டவர் கட்டறது பல சமயம் நெட்வொர்க் கம்பெனியே இல்ல, டவரைக் கட்டி பல நெட்வொர்க்குக்கு வாடகை விடறதையே தொழிலா வச்சிருக்கற கம்பெனி, அப்ப ரெண்டாவது மூணாவது நெட்வொர்க் ஏறினா நிலத்துக்காரருக்குப் பங்கு உண்டான்னு கேட்டாகணும். கம்பெனி நினைச்சப்ப விலகலாம், கவுன்சில் விலக முடியாதுன்னு இருந்தா திருத்தச் சொல்லுங்க. தேவை முடிஞ்சதும் அஸ்திவாரத்தோட பிரிச்சு எடுத்துட்டுப் போக முன்கூட்டியே டெபாசிட் வாங்கலைன்னா துருப்பிடிச்ச இரும்பு நம்ம தலையிலதான்.

உயரம் விஷயத்துல கம்பெனி காட்டற போட்டோவை மட்டும் நம்பாதீங்க, காத்து இல்லாத நாள்ல அதே உயரத்துக்கு பலூன் பறக்கவிடச் சொல்லி, எங்கேர்ந்து போட்டோ எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க. அதோட இன்னைக்கு இருக்கற உயரத்தோட நிக்காது, அமெரிக்கால 2012 சட்டப்படி இருக்கற டவரை ஒரு அளவுக்குள்ள (பொதுவா 10 சதவீதம், இல்லன்னா 20 அடி இடைவெளி விட்டு இன்னொரு ஆன்டெனா வரிசை, எது பெரிசோ அது) ஏத்தினா கவுன்சில் மறுக்க முடியாது. நாளைக்கு எவ்ளோ ஏத்துவீங்கன்னு இன்னைக்கே கேட்டு வச்சுக்கணும்.

கவரேஜ் மேப்பும் அப்படித்தான், கலர் கலரா இருக்கும், எந்த சிக்னல் அளவை 'இல்லை'ன்னு வச்சு வரைஞ்சாங்கன்னு மேப்ல இருக்காது. வேற எந்த இடம் பார்த்தீங்க, ஏன் வேண்டாம்னீங்கன்னு எழுத்துல வாங்குங்க, முடிஞ்சா கம்பெனி செலவுலயே தனி இன்ஜினியரை வச்சு சரிபாருங்க. ஜெனரேட்டர் சத்தம், டீசல் எங்க வைப்பாங்க, லாரி எந்த வழியா வரும், இதெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனா பக்கத்து வீட்டுக்காரர் தினமும் அனுபவிக்கப் போறது இதைத்தான்.

கடைசியா தேதி. இங்கிலாந்துல முன் அனுமதி கேட்டு வந்த மனுவுக்கு 56 நாள்ல பதில் போகலைன்னா அனுமதி குடுத்ததாவே ஆகிடும், அமெரிக்கால புது டவர் மனு மேல முடிவு எடுக்க 150 நாள் கெடு. மறுக்கறப்ப காரணத்தையும் எழுதிக் குடுக்கணும். அமெரிக்காவோட ஜார்ஜியா மாகாணத்துல ராஸ்வெல்ங்கற ஊர், மரம் மாதிரி வேஷம் போட்ட 108 அடி டவரை வேண்டாம்னு சொல்லி ஒரு சின்ன லெட்டர் அனுப்புச்சு, காரணம் இருந்த மினிட்ஸ் (மீட்டிங் நடவடிக்கைக் குறிப்பு) வந்தது 26 நாள் கழிச்சு, கம்பெனி கேஸ் போட இருந்ததே 30 நாள்தான். 2015ல சுப்ரீம் கோர்ட் ஊருக்கு எதிரா தீர்ப்பு சொல்லிச்சு, இத்தனைக்கும் லெட்டர்லயே காரணம் இருக்கணும்னு கோர்ட் கேக்கல, மினிட்ஸ்ல இருந்தாலும் போதும், லெட்டரோட கிட்டத்தட்ட சேர்ந்தே வரணும்னுதான் சொல்லிச்சு. மினிட்ஸ் ரெடியாகலைன்னா கெடுவுக்குள்ள லெட்டரை நிறுத்தி வச்சு ரெண்டையும் ஒண்ணா அனுப்பியிருக்கலாமேன்னும் அதே தீர்ப்புல இருக்கு.