நியூ ஜெர்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: உங்கள் காங்கிரஸ் உறுப்பினரின் வாராந்தரக் கடிதத்தைப் படிப்பது எப்படி?

வீடு பிடித்து, வங்கிக் கணக்கு திறந்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த கையோடு இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். உங்கள் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினர், அதாவது அமெரிக்க நாடாளுமன்றப் பிரதிநிதி, யார் என்று பார்த்து, அவர் அலுவலகம் அனுப்பும் வாராந்தர மின்னஞ்சலுக்குப் பெயர் கொடுங்கள். ஹவுஸ்.கவ் (house.gov) தளத்தில் ஜிப் கோடைப் போட்டால் பெயர் வந்துவிடும். எடிசன்காரர்களுக்கு ஃபிராங்க் பலோன். 1988 முதல் காங்கிரஸில் இருப்பவர், மருத்துவக் காப்பீட்டுச் சட்டங்களைக் கையாளும் குழுவின் தலைவராகவும் இருந்தவர். அதனால் அவருடைய கடிதங்களில் மருத்துவம் அடிக்கடி வரும்.

"எனக்குத்தான் ஓட்டே இல்லையே, எனக்கு எதற்கு இந்தக் கடிதம்?" என்று கேட்பவர்கள் நிறைய. அமெரிக்கத் தொகுதிகள் மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கப்படுகின்றன, வாக்காளர் எண்ணிக்கையை வைத்து அல்ல. ஒரு தொகுதிக்குச் சுமார் 7 லட்சத்து 60 ஆயிரம் பேர். அதில் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும் நீங்களும், ஹெச்-4இல் இருக்கும் உங்கள் மனைவியும், எஃப்-1 மாணவரான உங்கள் தம்பியும் சேர்த்திதான். அந்த அலுவலகம் உங்களுக்கும் வேலை செய்யக் கடமைப்பட்டது.

முதலில் கடிதத்தின் அடியில் பாருங்கள்

மேலே அரசியல் இருக்கும். புதிதாக வந்தவருக்கு அடியில் இருக்கும் ஒரு வரிதான் முக்கியம்: மத்திய அரசுத் துறைகளோடு சிக்கல் இருந்தால் எங்களை அழையுங்கள் என்பது. இந்த உதவிக்குக் கேஸ்வொர்க் என்று பெயர். குடியேற்றத் துறையில் மாதக்கணக்கில் நகராத விண்ணப்பம், வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸில் மாட்டிக்கொண்ட ரீஃபண்ட், சோஷியல் செக்யூரிட்டி எண், பாஸ்போர்ட், சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் 221(ஜி) என்று நிறுத்தி வைக்கப்பட்ட விசா, இவை எல்லாவற்றுக்கும் கேட்கலாம்.

ஊரில் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போவதென்றால் யாராவது தெரிந்த ஆளைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு உண்டு. இங்கே அது தேவையில்லை, கட்டணமும் கிடையாது. பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் அந்த அலுவலகத்தைச் சேர்ந்தவரே அல்ல.

போன் செய்தால், தனியுரிமை ஒப்புதல் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். 1974 தனியுரிமைச் சட்டத்தின்படி, உங்கள் கையெழுத்து இல்லாமல் எந்தத் துறையும் உங்கள் கோப்பைப் பற்றி அவர்களிடம் பேசாது. பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கட்டும். நம்மவர்களுக்கு இனிஷியல் விரிந்து கடைசிப் பெயராகிவிடும் குழப்பம் உண்டு, ஆகவே விண்ணப்பத்தில் எப்படிக் கொடுத்தீர்களோ அதே மாதிரி எழுதுங்கள். குடியேற்றத் துறை தந்த ரசீது எண்ணின் 13 எழுத்துகளையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். அப்புறம் சிக்கலை நாலே வரியில்: எப்போது விண்ணப்பித்தேன், கடைசியாக என்ன பதில் வந்தது, வழக்கமான காலம் எவ்வளவு தாண்டிவிட்டது, இதனால் எனக்கு என்ன நஷ்டம். பத்துப் பக்கக் கதை வேண்டாம்.

அவர்கள் துறையிடம் விசாரிப்பார்கள், பதில் வாங்கித் தருவார்கள். துறையின் முடிவை மாற்ற முடியாது, வரிசையில் முந்தவிட முடியாது, நீதிமன்ற வழக்கில் தலையிட முடியாது. மாநிலத்தின் இரண்டு செனட்டர்களான கோரி புக்கர், ஆண்டி கிம் அலுவலகங்களிலும் இதே உதவி உண்டு. ஆனால் ஒரே விஷயத்துக்கு மூன்று இடத்திலும் எழுதாதீர்கள், விசாரணை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். ஓட்டுநர் உரிமம், மாநில வரி என்றால் காங்கிரஸ் உறுப்பினர் அல்ல, மாநிலத் தலைநகர் டிரென்டனில் இருக்கும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்தான் சரியான ஆள். ஓ.சி.ஐ. எனும் வெளிநாட்டு இந்தியர் அட்டை, இந்திய பாஸ்போர்ட் ஆகியவற்றுக்கு நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம்.

குடியேற்றச் செய்தி: மசோதாவா, சட்டமா, ஆணையா?

கடிதத்தில் "மசோதா கொண்டுவந்தேன்", "ஆதரவாகக் கையெழுத்திட்டேன்" என்று இருந்தால் எதுவும் மாறிவிடவில்லை என்று பொருள். வாட்ஸ்அப்பில் இது "கிரீன் கார்டு சட்டம் வந்துவிட்டது" என்று உருமாறி வரும், நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒரு நாட்டவருக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிரீன் கார்டு கூடாது என்ற உச்சவரம்பை, வேலைவழிப் பிரிவில் நீக்கும் மசோதாவின் கதையே போதும். 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்ற பெரும் ஆதரவோடு நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட்டும் தன் வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்கவில்லை. 2021 ஜனவரியில் அந்தக் காங்கிரஸின் காலம் முடிந்தது, மசோதாவும் அதோடு செத்தது. அதை நம்பி வீடு வாங்கலாமா, வேலை மாறலாமா என்று திட்டம் போட்ட குடும்பங்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதிபரின் ஆணை வேறு வகை, ஓரிரு நாளிலேயே அமலாகிவிடலாம். 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, ஹெச்-1பிக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் மறுநாள்தான் வந்தது. இதுபோன்ற நாட்களில் பயணம் பற்றி முடிவெடுக்கும் முன், குடியேற்றத் துறையின் சொந்தத் தளத்தையும் உங்கள் நிறுவன வழக்கறிஞரையும் கேளுங்கள். இன்னொன்று, செய்திகளில் பெரிதாக வராத விதி: வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏ.ஆர்-11 படிவத்தில் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். ஆன்லைனில் சில நிமிட வேலைதான்.

ஓட்டு: இங்கே தவறினால் மீள்வது கடினம்

ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது, வாக்காளராகப் பதிவு செய்வது பற்றியும் கேள்வி வரும். 1993 சட்டத்திலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு, நியூ ஜெர்சியில் 2018 முதல் பதிவு பெரும்பாலும் தானாகவே நடக்கிறது. வரிசை நகர வேண்டும் என்ற அவசரத்தில் "எஸ், எஸ்" என்று அழுத்திக்கொண்டே போகாதீர்கள். குடிமகனா என்றால் இல்லை, பதிவு வேண்டுமா என்றால் வேண்டாம். கிரீன் கார்டு இருந்தாலும் இதே பதில்தான். குடிமகன் என்று பொய்யாகச் சொன்னதாகப் பதிவானால், 1996 சட்டப்படி அதுவே நாடு கடத்தப் போதுமான காரணம். குடியுரிமைக்கான என்-400 படிவத்தில் எப்போதாவது வாக்களிக்கப் பதிவு செய்தீர்களா என்றே ஒரு கேள்வி உண்டு. வாக்காளர் அட்டை தவறாக வீட்டுக்கு வந்துவிட்டால் அதைப் பயன்படுத்தாதீர்கள். வேறு எந்தப் படிவத்தையும் அனுப்பும் முன், வெளிநாடு போகும் முன், குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

பலருக்கும் தெரியாத இன்னொரு விதி, நன்கொடை. நண்பர் வீட்டில் வேட்பாளருக்கு விருந்து நடக்கும், ஆளுக்கு நூறு டாலர் என்பார்கள். ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவர்கள் எந்த வேட்பாளருக்கும், பஞ்சாயத்து அளவிலான பதவிக்குக்கூட, பணம் தரக் கூடாது. கிரீன் கார்டு உள்ளவர்கள் தரலாம். சம்பளம் வாங்காமல் பிரசாரத்தில் தொண்டு செய்ய விசாக்காரர்களுக்கும் தடையில்லை.

குடியுரிமை வாங்கிவிட்ட அப்பா அம்மா இருந்தால், அவர்களை வீட்டிலேயே உட்கார வைக்காதீர்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், தான் விரும்பும் ஒருவரை வாக்குச்சாவடிக்குள் உதவிக்கு அழைத்துப் போகலாம். முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ மட்டும் கூடாது. மகளோ மருமகனோ கூடவே நின்று படித்துச் சொல்லலாம். இது 1965 வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆவது பிரிவு தந்த உரிமை. வாசலில் யாராவது தடுத்தால் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். பதிவு மட்டும் தேர்தலுக்கு 21 நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மருத்துவம்

கடிதங்களில் அடிக்கடி வரும் என்று சொன்ன விஷயம் இது. வேலையில் சேர்ந்ததும் காப்பீட்டில் பெயர் சேர்க்கத் தரும் கெடு பெரும்பாலும் 30 நாள். குழந்தை பிறந்தாலும் அதே 30 நாளுக்குள் சேர்க்க வேண்டும், ஆஸ்பத்திரி தானாகச் சேர்த்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். வேலை போனால் மாநிலக் காப்பீட்டுச் சந்தையான கெட் கவர்ட் நியூ ஜெர்சியில் 60 நாளுக்குள் வாங்கலாம். சட்டப்படி வசிக்கும் யாரும் அங்கே வாங்கலாம் என்றாலும், 2025 ஜூலையில் வந்த சட்டப்படி 2027 முதல் மத்திய அரசின் மானியம் ஹெச்-1பி போன்ற விசாக்காரர்களுக்குக் கிடையாது. காப்பீடே வேண்டாம் என்று இருக்கவும் முடியாது, இந்த மாநிலத்தில் 2019 முதல் அதற்கு வரியோடு சேர்த்து அபராதம் உண்டு.

கிரீன் கார்டில் வரும் பெற்றோருக்கு 65 வயது ஆனதும் மெடிகேர் எனும் முதியோருக்கான அரசுக் காப்பீடு கிடைத்துவிடாது. இங்கே வேலை செய்த கணக்கு இல்லாதவர்கள் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும், அப்புறமும் பிரீமியம் கட்டித்தான் சேர முடியும். அதுவரைக்கும் மாநிலச் சந்தையில் ஒரு காப்பீடு எடுத்துவிடுங்கள்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் காப்பீடு பற்றி யோசிக்காமல் 911ஐ அழையுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவு, காசும் விசாவும் பார்க்காமல் உங்களைப் பரிசோதித்து நிலைப்படுத்தியாக வேண்டும், 1986 முதல் அதுதான் சட்டம். பில் பின்னால் வரும், தவணைக்கும் தள்ளுபடிக்கும் கேட்கலாம். காய்ச்சல், சுளுக்கு என்றால் சிறு உபாதைகளுக்கான அர்ஜென்ட் கேர் மையம் போதும், செலவில் பெரிய வித்தியாசம் இருக்கும். ஆங்கிலம் வராத பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும்போது, சிறு பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், போன் வழியாகவாவது இலவசமாக ஏற்பாடு செய்து தருவார்கள்.