மௌனப் படத்தை வீட்டில் மீட்டெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயக்குநர் முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’ (1922) போன்ற ஜெர்மானிய மௌனப் படங்களின் பழைய டிவிடிகளை வீட்டுத் திரைக்காகச் சீர்செய்யத் தொடங்குவோர், நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் விழுந்த குழிகளிலேயே விழுந்துகொண்டிருக்கிறார்கள். அசல் கோப்புக்கு நகல் வைக்காதது, ஹார்டு டிஸ்கில் இடம் போதாதது போன்றவற்றை அவரவரே பட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரட்டை ஃபிரேம்களை நீக்காமல் தூசி துடைப்பது

இந்த ஒரு தவறைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது, ஏனெனில் இது செய்த வேலை முழுவதையும் வீணாக்கிவிடும்.

கேமராவைக் கையால் சுற்றிய அந்தக் காலத்தில் எல்லாப் படங்களுக்கும் பொதுவான வேகம் என்று ஒன்று இல்லை. ‘நோஸ்ஃபெராட்டு’வின் 1967 மீட்டர் ஃபிலிமை நொடிக்கு 18 ஃபிரேம் வீதம் ஓட்டினால் ஏறத்தாழ 95 நிமிடம் வரும், 24 வீதம் ஓட்டினால் 72 நிமிடத்திலேயே முடிந்துவிடும். ஆகவே 18 ஃபிரேம் வேகத்தை 24 ஃபிரேம் வீடியோவில் காட்ட விரும்பியவர்கள், மூன்றில் ஒரு ஃபிரேமை இருமுறை பதிப்பார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை. தூசி நீக்கும் சாஃப்ட்வேரோ இங்கேதான் ஏமாறுகிறது. முன்னும் பின்னும் இல்லாமல் ஒரே ஒரு ஃபிரேமில் மட்டும் தோன்றும் புள்ளியைத்தான் அது தூசி என்று கணிக்கிறது. அதே புள்ளி அடுத்த ஃபிரேமிலும் இருந்தால், அது படத்தைச் சேர்ந்தது என்று எண்ணி விட்டுவைக்கிறது.

அண்மையில் ஓர் இளைஞர், படத்தின் இரத்தக்காட்டேரிப் பிரபுவான ஓர்லோக் தன் கோட்டை முற்றத்தில் சவப்பெட்டிகளை வண்டியில் அடுக்கும் காட்சியைக் கொண்டுவந்து, எவ்வளவு துடைத்தும் வெள்ளைப் புள்ளிகள் போகவில்லை என்றார். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தபோது, மிஞ்சிய ஒவ்வொரு புள்ளியும் சரியாக இரண்டு ஃபிரேம்கள் நின்று மறைந்தது. இரட்டைகளை முதலில் நீக்கியிருந்தால் அவை முதல் சுற்றிலேயே போயிருக்கும். இப்போது எல்லாவற்றையும் அசல் கோப்பிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

அத்துடன் அவர் நிற்கவில்லை. அசைவு வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்று, இடையிடையே புதிய ஃபிரேம்களைக் கற்பனை செய்து செருகும் வசதியையும் இயக்கியிருந்தார். ஓர்லோக்கின் இயற்கைக்கு மீறிய வேகமும், பெட்டியின் மூடி தானாகவே எழும்பி அமர்வதும், ஃபிரேம் ஃபிரேமாகப் படமெடுத்து வேண்டுமென்றே உண்டாக்கிய வெட்டு அசைவுகள். அவர் கோப்பில் அந்த மூடி காற்றில் கரைந்து வழிந்தது.

இரட்டைகளை நீக்கும்போதும் கவனம் வேண்டும். காட்சிகளுக்கு இடையே வசனத்தைக் காட்டும் எழுத்து அட்டைகளில் அசைவே இல்லாததால், ஒத்திருக்கும் ஃபிரேம்களை எல்லாம் தூக்கும்படி சாஃப்ட்வேருக்குச் சொன்னால், வாசித்து முடிக்கும் முன்பே அட்டை மறைந்துவிடும். நான்கில் ஒன்றை மட்டும் எடுக்கும் ஒழுங்கைக் கடைப்பிடித்து, அந்த ஒழுங்கு எங்கே மாறுகிறது என்பதைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும்.

நீலத்தைக் கழுவுவது

சாயமேற்றிய பிரதியைக் காலத்தால் கெட்ட நிறம் என்று நினைத்துச் சிலர் கருப்பு வெள்ளையாக்கிவிடுகிறார்கள். இரவுக் காட்சிகள் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டவை. நீலச் சாயம்தான் அவற்றை இரவாக்குகிறது. அதை நீக்கினால், சூரிய ஒளியில் மடியப்போகும் ஓர்லோக் பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்து ஊருக்குள் நடப்பார். பிரான்சில் எஞ்சிய சாயப் பிரதியைப் பின்பற்றித்தான் முர்னாவ் அறக்கட்டளையின் மீட்டெடுப்புக்கே நிறம் கிடைத்தது.

கிரெய்னை வழித்தெடுப்பது

கிரெய்ன் என்பது ஃபிலிமுக்கே உரிய நுண்துகள் தன்மை; அதை வழித்தெடுத்தால், ஓர்லோக்காக நடித்த மாக்ஸ் ஷ்ரெக்கின் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும்.

இசையை முதலில் பொருத்துவது

வேகம் முடிவான பின்பே இசை. இந்தப் படத்துக்காக ஹன்ஸ் எர்ட்மன் 1922இல் அமைத்த இசையின் அடிப்படையில் அண்மைக் காலத்தில் பதிவானவற்றுக்குத் தனி உரிமை உண்டு என்பதால், வீட்டுக்கு வெளியே திரையிடுவதற்கு அனுமதி பெற வேண்டும்.